சித்திரை பிறந்தால் நிழல் மாறும்

"பங்குனி வரைக்கும்தான் டீச்சர் என்னைய இந்தப் பக்கம் பாக்க முடியும். சித்திரை பொறந்துட்டா எதிர்ப்பக்கம் போயிருவேன்."

மதுரை கீழமாசி வீதியிலிருந்து பிரிந்து கிழக்கு மேற்காக ஓடும் ஒரு சந்து அது. பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு அம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கழுத்தில் கேமராவோடு நின்று, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தேன். இன்னொரு நாள் வாருங்கள், இன்றைக்குக் கல்யாண ஆர்டர் இருக்கிறது என்றார். என்றைக்கு வரலாம் என்று கேட்டபோதுதான் இந்தப் பதில் வந்தது.

"ஏம்மா, சித்திரையில இந்த வீட்டுக்கு யாராச்சும் குடி வர்றாங்களா?"

"அட நீங்க வேற. நெழலு மாறிரும்ல? இப்ப இந்தச் செவுத்து நெழலு நம்ம மேல விழுகுது. பங்குனியில ரெண்டு பக்கமும் வெயிலு அடிக்கும், குடை கட்டிக்குவேன். சித்திரைக்கு மேல அந்தச் செவுத்து நெழலு. ஆவணியில திரும்ப இங்கயே வந்துருவேன். நெழலு இல்லாத எடத்துல பூவ வச்சா அரை மணி நேரத்துல வாடிப்போயிரும்."

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்துகிறேன். கோபுரத்தின் நிழல் இத்தனை மீட்டர், ஏற்றக்கோணம் இத்தனை பாகை, உயரம் என்ன என்று கரும்பலகையில் எழுதாத வருடமில்லை. ஆனால் என் ஊரில் நிழல் வருடத்துக்கு இரண்டு முறை பக்கம் மாறும் என்பதை அந்தப் பூக்கார அம்மா சொல்லித்தான் கவனித்தேன்.

அன்று இரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. சூரியன் மகர ரேகைக்கும் கடக ரேகைக்கும் நடுவே போய் வரும்போது, வடக்கே போகிற வழியில் ஒரு முறையும் திரும்பி வருகிற வழியில் ஒரு முறையும் நம் தலைக்கு நேர் மேலே வந்தாக வேண்டும். மதுரைக்கு அது ஏப்ரல் 16-ஐ ஒட்டி நடக்கிறது. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாள். மறுபடி ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி, அதாவது ஆவணி 10 வாக்கில். இடைப்பட்ட நாலரை மாதமும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது; நிழல் தெற்கே விழுகிறது. மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே, நிழல் வடக்கே. 20 அடி உயரச் சுவரை எடுத்துக்கொண்டால், மார்கழி முதல் வாரத்தில் உச்சிவேளை நிழல் வடக்குப் பக்கம் 13 அடி நீளும். ஆனி முதல் வாரத்தில் அதே சுவரின் நிழல் தெற்குப் பக்கம் 5 அடிதான்.

ஏப்ரல் 16 அன்று பள்ளி மைதானத்தில் ஒரு மூங்கில் கழியை நட்டு வைத்தேன். நமது கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது; மதுரை 78 பாகையில் இருப்பதால் இங்கே உச்சிவேளை 12 மணிக்கு வராது, சுமார் 17 நிமிடம் பிந்தி வரும். அப்போது கழியின் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கிக் காணாமல் போனது. பூக்கார அம்மா சொன்ன கணக்கு நாள் பிசகவில்லை.

படம் தேடி ஊரைச் சுற்றும் என் பழக்கத்தை மாற்றியது அந்த நாள்தான். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள், செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் மனம் போன திசையில் போவேன். நூறு படம் எடுத்தால் வைத்துக்கொள்ளும்படி ஒன்றுகூடத் தேறாது. இடம் அழகாக இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், படம் மட்டும் செத்துக் கிடக்கும். லென்ஸ் சரியில்லையோ என்று நினைத்தேன். உண்மையில் நான் போய் நின்ற நேரம்தான் தப்பு. எந்த இடத்தில் எந்த நேரத்தில் வெளிச்சம் எப்படி வரும் என்று சொல்லித்தர ஊரெங்கும் ஆட்கள் இருந்தார்கள். வெயிலை நம்பியும் வெயிலுக்குப் பயந்தும் பிழைப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றாமல் இருந்தது.

இருபத்து நாலு நிமிடம்

புகைப்படக்காரர்கள் காலை, மாலை வெயிலைப் பொன் வெயில் என்பார்கள். சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறது. வழியில் நீல நிறம் அதிகமாகச் சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி நம்மை வந்து சேர்கின்றன. ஒளி பக்கவாட்டில் வருவதால் முகத்தின் ஒரு பாதி ஒளிர்ந்து மறு பாதி நிழலில் இருக்கும். சுவரின் சொரசொரப்பு, சேலையின் மடிப்பு, கல்லின் உளி வடு எல்லாம் எழுந்து நிற்கும்.

இந்த வெளிச்சம் நம் ஊரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடிவானத்திலிருந்து 6 பாகை உயரம் வரை ஏறும் நேரத்தைப் பொன் வெயில் என்று கொண்டால், இரவும் பகலும் சமமாக இருக்கும் நாட்களில் லண்டனில் அது 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மதுரையில் 24 நிமிடம். அங்கே சூரியன் சாய்ந்து ஏறுகிறது. இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற நம் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே நிதானமாக நடந்து தேடலாம். இங்கே முதல் நாளே இடத்தைப் பார்த்து வைத்துவிட்டு, விடிவதற்கு முன் போய் நின்றுவிட வேண்டும். மதுரையில் சூரியன் உதிக்கும் நேரமும் மே மாதக் கடைசியில் 5.55, ஜனவரி கடைசியில் 6.40 என்று முக்கால் மணி நேரம் முன்பின்னாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

மாட்டுத்தாவணியில் விடிகாலை

பூக்கார அம்மாவிடம் அடுத்ததாகக் கேட்டது, பூ எங்கே வாங்குகிறீர்கள் என்பது. "மாட்டுத்தாவணிதான். வெள்ளன வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்த வாரமே போனோம்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூவின் முழுப் பிழைப்பும் சூரியனோடு போடும் பந்தயம். மொட்டை இருட்டிலேயே பறித்து, விரிவதற்கு முன் சந்தைக்குக் கொண்டுவந்து, வாங்கியவர் கட்டி முடித்து, மாலையில் தலையில் ஏறும்போதுதான் அது மலர வேண்டும். சந்தைக்குள் நுழைந்தால் ஈரச் சாக்கின் வாசனையும் பூவின் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். மல்லி, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி, அரளி என்று குவியல் குவியலாகக் கிடக்கும். தராசுச் சத்தம், விலை கூவும் சத்தம், "வழி, வழி" என்று மூட்டையோடு ஓடி வருபவர்களின் சத்தம்.

இருட்டில் படம் எடுப்பது எப்படி என்பதை இங்கேதான் படித்தேன். கேமராவில் மூன்று திருகுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பர்ச்சர் என்பது ஒளி நுழையும் வாசலின் அகலம். ஷட்டர் வேகம் என்பது அந்த வாசல் திறந்திருக்கும் நேரம். ஐ.எஸ்.ஓ. என்பது உள்ளே வந்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது. பளீரென்ற நடுப்பகல் வெயிலில் எஃப் 16 அப்பர்ச்சர் வைத்தால், ஐ.எஸ்.ஓ. 100-க்கு ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். இது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் வாய்ப்பாடு. சந்தை விளக்கு வெளிச்சத்தில் அது எடுபடாது. எஃப் 2 அளவுக்கு வாசலை அகலத் திறந்து, ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றினால்தான் மூட்டை தூக்கி ஓடுபவர் கலங்காமல் பதிவார். சில நேரம் கலங்கட்டும் என்றே விடுவேன். ஷட்டரை நொடியில் பதினைந்தில் ஒரு பங்காகத் தாழ்த்தினால், அசையாமல் உட்கார்ந்திருக்கும் வியாபாரி தெளிவாகவும் அவரைச் சுற்றி ஓடும் கூட்டம் ஆற்று வெள்ளம் போலவும் தெரியும்.

ஒரு மல்லி வியாபாரி இன்னொன்று சொல்லித் தந்தார். "லைட்டு வெளிச்சத்துல மொட்டோட நெறம் நம்ப முடியாது டீச்சர். கெழக்க லேசா வெளுக்குறப்பத்தான் நல்ல பூ எது, நேத்துப் பூ எதுன்னு தெரியும். அப்ப எடுங்க." அவர் சொன்னது சரி. மின்விளக்கில் மஞ்சளடித்துக் கிடந்த மொட்டுகள், வெள்ளி முளைத்த வெளிச்சம் கூரை ஓரமாக உள்ளே வந்ததும் காம்பில் பச்சையும் நுனியில் பாலுமாக மாறின. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இப்போது போகிறேன்.

இதே சந்தையில்தான் ஒரு தப்பும் செய்தேன். மூட்டைகளின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு சுமைதூக்கும் அண்ணனைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். ஷட்டர் சத்தத்தில் விழித்தவர் கோபப்படவில்லை. "தூங்குறவன எடுத்து என்னம்மா பண்ணப் போற? வீட்டுல புள்ளைக பாத்தா அப்பா தெருவுல படுத்துருக்காருன்னு நெனைக்கும்ல?" என்று மட்டும் கேட்டார். அவர் கண் முன்னாலேயே அதை அழித்தேன். களைப்பின் அழகு என்று மனதுக்குள் அந்தப் படத்துக்குப் பெயர்கூட வைத்திருந்தேன். களைப்பு அவருடையது. அதை அழகு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அன்றிலிருந்து முகம் தெரியும் படத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. கேட்டால் இயல்பு போய்விடும் என்பார்கள். கேட்ட பிறகு கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் இயல்பு திரும்பி வந்துவிடும்.

விளக்குத்தூணில் ட்ரைப் நின்ற இடம்

மதுரையைப் படமெடுத்தவர்களில் எனக்கு முன்னோர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1858-இல் மதுரையில் அவர் எடுத்த படங்கள் பெரிய கோயில், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் மகால், ஆனைமலை, கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த விளக்குத்தூண் என்று, இன்றைக்கும் நாம் சுற்றுகிற அதே இடங்கள். அந்தப் படங்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன.

அவர் கையாண்டது காகித நெகட்டிவ். ஏறக்குறைய 12-க்கு 15 அங்குலம், ஒரு நாளிதழின் அரைப் பக்கம் போல. ஒளி மெதுவாகத்தான் அதில் இறங்கும். அத்தனை நேரமும் அசையாமல் இருப்பது மட்டுமே பதியும். நடந்து போகிறவர்கள் தடமில்லாமல் மறைந்துவிடுவார்கள். அக்காலப் படங்களில் நம் தெருக்கள் ஆளரவமற்று நிற்பதற்கு இது ஒரு காரணம். காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக வந்ததால் ட்ரைப் சில படங்களில் மேகங்களைத் தம் கையால் தீட்டிச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி 19 அடி நீளச் சுருளாக்கியவரும் அவர்தான்.

விளக்குத்தூண் பக்கம் எப்போது போனாலும் ஜவுளிக் கடைக் கூட்டத்தில் தூண் இருப்பதே தெரியாது. ட்ரைப் நின்றிருக்கக்கூடிய இடத்தைத் தேடி, ஒரு ஞாயிறு காலை கடைகள் திறக்குமுன் ஸ்டாண்டைப் போட்டேன். லென்ஸுக்கு முன் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைத்தேன். இரண்டு ஆட்டோ, நாலைந்து சைக்கிள், பால் வண்டி, கோலப்பொடி விற்பவர் எல்லாரும் கடந்து போனார்கள். படத்தில் ஒருவரும் இல்லை. தூணும் வெயிலும் மட்டும். ஒரே ஒருவர் மட்டும் பதிந்திருந்தார்: படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர். 160 ஆண்டு இடைவெளியில் நான் எடுத்த படமும் ட்ரைப் கால மதுரை போலவே வெறிச்சோடி இருந்தது. பழைய படங்களின் அமைதியை நம்பி, அந்தக் காலத்தில் ஊர் காலியாக இருந்தது என்று யாராவது சொன்னால் இனி நான் ஒப்ப மாட்டேன்.

பக்கத்திலேயே திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியதில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த 1866–72 காலத்தில் தொடங்கிய பழுதுபார்ப்பால் பிழைத்தது. ட்ரைப் வந்தது அதற்கு முன்னால். சிதிலமாக இருந்த மகாலை அவர் கேமரா பார்த்திருக்கிறது. கேமராவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு நான் முதலில் போனபோது உச்சி வெயில். வெள்ளைச் சுதையில் வெயில் பட்டுக் கண் கூசியது. வளைவுகளுக்குள் ஒரே கறுப்பு. கூட்டிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "வெளி முத்தத்துல வெயிலு நெறையுறதுக்கு முன்னாடி வந்துருக்கணும்க்கா. காலையில தெறந்த ஒடனே வாங்க. அந்தத் தூணு காலுல ஆரம்பிச்சு வெயிலு படிப்படியா எறங்கி முத்தத்துக்கு வரும். நான் வெயிலுக்கு முன்னால முன்னால கூட்டிக்கிட்டே வருவேன்" என்றார்.

கிழக்கிலிருந்து வரும் காலை வெயில் முதலில் மேற்குப் பக்கத் தூண்களைத் தொட்டு, சூரியன் ஏற ஏற முற்றத்துக்கு இறங்கும். ஒரு பக்கத் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி வளைவுகளின் அடிப்பக்கத்தை மெல்லப் பழுப்பாக ஏற்றுகிறது. நேர் வெயிலைவிட இப்படித் திரும்பி வரும் வெளிச்சத்தில்தான் சுதை வேலைப்பாடு தெரிகிறது. அந்த அக்கா துடைப்பத்தோடு வெயிலின் விளிம்பில் நின்ற படம் என் பள்ளியின் ஆசிரியர் அறையில் மாட்டியிருக்கிறது. அவர் சம்மதித்த படம்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவும் கைபேசியும் கூடாது. எனக்கு அது ஒரு குறையே இல்லை. மாதம் ஒருமுறை வெறும் கையோடு போய், பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து வெளிச்சம் நகர்வதை மட்டும் பார்த்துவிட்டு வருவேன். கேமரா இல்லாத நாளில் கண் நன்றாக வேலை செய்கிறது.

கல்லில் மூக்கு தெரியும் நேரம்

ஊரைச் சுற்றிலும் மலைகள். மேலூர் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போது இடப்பக்கம் ஆனைமலை படுத்திருக்கும். மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையை ஒட்டி வரிசையாகச் செதுக்கிய சமணச் சிற்பங்களும் அவற்றின் அடியில் வட்டெழுத்தும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை.

புடைப்புச் சிற்பத்தைப் படமெடுப்பது எளிதல்ல. பாறையும் சிற்பமும் ஒரே நிறம். வெயில் நேராக முகத்தில் அடித்தால் எல்லாம் தட்டையாகி, அங்கே ஓர் உருவம் இருப்பதே தெரியாது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா நான் எடுத்துக்கொண்டிருப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப சாமிக்கு மூக்கே இருக்காது ஆத்தா. வெயிலு பாறைய உரசிக்கிட்டுப் போற நேரம் ஒண்ணு இருக்கு. அப்பத்தான் மூக்கு தெரியும், எழுத்தும் தெரியும்."

கல்வெட்டு ஆய்வாளர்கள் விளக்கைச் சாய்த்துப் பிடித்து எழுத்தைப் படிப்பதும் இதே முறைதான். உரசிப் போகும் ஒளியில் மயிரிழை ஆழமுள்ள பள்ளத்துக்கும் ஒரு நிழல் உண்டாகிவிடுகிறது. நாம் எழுத்து என்று படிப்பது அந்த நிழலைத்தான். தாத்தா சொன்ன நேரத்துக்குக் காத்திருந்தேன். சிற்பங்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. ஏழெட்டு நிமிடம்தான், பிறகு பாறை மறுபடி பாறையாகிவிட்டது.

கடலைக்காரரின் அடுப்பு

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டினார். ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி, நடுவே மைய மண்டபம். என் சின்ன வயதில் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்; தெப்பத் திருவிழாவின்போது தண்ணீர் விட்டால் உண்டு. சில ஆண்டுகளாக வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியே வந்து குளம் நிறைந்து கிடக்கிறது. மைய மண்டபம் தலைகீழாகத் தண்ணீரில் தெரிய வேண்டும் என்று எத்தனை சாயங்காலம் போயிருப்பேன்! எப்போதும் சிற்றலை அடித்துப் படத்தைக் கலைத்துவிடும்.

கரையில் கடலை வறுத்து விற்கும் அண்ணனிடம் என் குறையைச் சொன்னேன். "என் அடுப்பப் பாருங்க டீச்சர். காத்துக்காகத் தகரத்த வச்சு மறைச்சிருக்கேன்ல? நான் எப்பத் தகரத்த எடுக்குறேனோ அப்பக் காத்து நின்னுருச்சுன்னு அர்த்தம். அந்த நேரத்துக்குப் போயி நில்லுங்க" என்றார். ஐந்தாம் நாள் மாலை, விளக்குகள் எரியத் தொடங்கி வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருந்தபோது, அவர் தகரத்தைத் தூக்கி வண்டிக்கடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். ஓடினேன். மண்டபம் தண்ணீருக்குள் முழுசாக நின்றது.

கேமராவைவிட முதலில் ஒரு நோட்டு

என்னிடம் புகைப்படம் கற்க வேண்டும் என்று கேட்கும் மாணவிகளிடம் கேமரா வாங்கச் சொல்வதில்லை. கையில் இருக்கும் போன் போதும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்கிறேன். உங்கள் தெருவில் ஏதாவது ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருநாள் ஒரே நேரத்தில் நிழல் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். ஒரு வருடம் குறித்தால் உங்கள் தெருவுக்கு ஒரு பஞ்சாங்கம் கிடைத்துவிடும். ஆளைப் படமெடுக்கும்போது நடு வெயிலில் நிறுத்தாதீர்கள். நிழலின் ஓரத்துக்கு அழைத்து, வெளிச்சம் வரும் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே விளக்கு. பந்தலடியில் கடை போட்டிருப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், கவனித்துப் பாருங்கள். எடுத்த படத்தைக் கட்டாயம் பிரிண்ட் போட்டு அவர்களிடம் கொடுங்கள். போனில் காட்டுவது கொடுப்பதாகாது.

என் நோட்டு இப்போது நாலாவது ஆண்டில் இருக்கிறது. அதில் என் கணக்குகளைவிட மற்றவர்கள் சொன்னதுதான் அதிகம். மகால் அக்கா, கடலை அண்ணன், ஆட்டுக்காரத் தாத்தா, கருவாடு காயப்போடும் பாட்டி, நடைபாதையில் புத்தகம் பரப்பும் பெரியவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அப்பளம் காயப்போடுபவருக்கும் சாயம் தோய்த்த நூலை உலர்த்துபவருக்கும் வெயில் வேண்டும். பூக்காரருக்கும் மீன்காரருக்கும் நிழல் வேண்டும். நான் பொழுதுபோக்காகத் தேடும் ஒன்று இவர்களுக்கு அன்றாடக் கூலி. அதனால்தான் இவர்கள் கணக்கு தப்புவதில்லை.

போன ஆவணியில் பூக்கார அம்மா சொன்னபடியே பழைய படிக்கட்டுக்குத் திரும்பியிருந்தார். அவருக்காகப் போட்ட பிரிண்டைக் கொடுத்தேன். நான் விரும்பி எடுத்த படம்: விரலில் நார், மடியில் மொட்டுகள், முகத்தில் எதிர்ச்சுவரின் மெல்லிய வெளிச்சம். தம் முகத்தைப் பார்ப்பார், சிரிப்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் முதலில் பார்த்தது பின்னால் இருந்த சுவரை.

"இது தையில எடுத்தது. பொங்கல் கழிஞ்ச மறு வாரம்."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"எதுத்த வீட்டுத் திண்ணையத் தாண்டி நெழலு செவுத்துல ஏறியிருக்கு பாருங்க. மாசியில அது எறங்கிரும்."

வீட்டுக்கு வந்து கோப்பில் தேதியைத் தேடினேன். ஜனவரி 21. அடுத்த நாள் காலை முதல் வகுப்பில் ஏற்றக்கோணத்தைத் தொடங்கும்போது, கரும்பலகையில் கோபுரத்துக்குப் பதில் ஒரு சந்து வரைந்தேன். இரண்டு பக்கமும் சுவர், ஒரு படிக்கட்டு, அதில் பூக்கூடை. "தை மாதம் உச்சிவேளையில் இந்தக் கூடை எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள். சரியாகச் சொன்னாள். அவள் அம்மா சிம்மக்கல்லில் பழவண்டி வைத்திருக்கிறார்.